சைக்கிள் செயின் லாக் கழற்றுவது எப்படி? கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மளிகைக் கடைக்காரர்கள் படிக்கும் இதழில் சைக்கிள் செயினைப் பற்றி எழுதுவானேன் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் வரையிலும், வடக்கே நெம்மேலி, கோவளம் வரையிலும் ஒரு முறை சுற்றி வந்தால் அவர்களுக்கே பதில் கிடைத்துவிடும். ஒரு காலத்தில் இந்தப் பாதையில் ஊருக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. இன்று அந்தக் கடைகளில் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடைகளாகவும், செல்போன் கடைகளாகவும் மாறிவிட்டன. சைக்கிள் மட்டும் மறையவில்லை. செயின் அறுந்தோ கழன்றோ வழியில் நிற்கிறவர், திறந்திருக்கும் முதல் கடைக்கு வருகிறார். அது பெரும்பாலும் மளிகைக் கடை, இல்லையென்றால் இரும்புக் கடை. "அண்ணாச்சி, ஒரு ஆணியும் சுத்தியும் குடுங்க" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி.

அந்தச் சுத்தியலைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வேறு என்ன கொடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் செங்கல்பட்டில் நாற்பது ஆண்டுகளாக இரும்புச் சாமான்களும் சைக்கிள் உதிரிபாகங்களும் மொத்தமாக விற்று வருகிறேன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். இதில் எழுதியிருப்பவை கல்லாவில் உட்கார்ந்தும், பட்டறைக்காரர்கள் பக்கத்தில் நின்றும் தெரிந்துகொண்டவை.

இன்றைக்கு நம் பக்கம் ஓடும் சைக்கிள்கள் மூன்று வகை. முதலாவது, பால்காரர், மீன்காரர், நம் கடைப் பையன் ஆகியோர் ஓட்டும் கனமான கறுப்பு சைக்கிள். மூட்டை ஏற்றும் மூன்று சக்கர வண்டியையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள். தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விரிவானது. கிராமத்துக் கிராமம் நின்றுகொண்டிருக்கும் சைக்கிள்களில் பெரும்பகுதி அதுதான். மூன்றாவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு விடியற்காலையில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஓட்டிவரும் கியர் சைக்கிள். தலைக் கவசம், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வருகிற இந்தத் தம்பிமார்கள் வழியில் இளநீர், வாழைப்பழம், கடலைமிட்டாய், தண்ணீர் பாட்டில் வாங்குகிறார்கள். நமக்கு அவர்கள் வாடிக்கையாளர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

முதல் இரண்டு வகையில் இருக்கும் செயினும் மூன்றாம் வகையில் இருக்கும் செயினும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

செயினின் கணக்கு

ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இது எல்லா சாதாரண சைக்கிளுக்கும் பொது. உருளை வைத்த இந்த வகைச் செயினை 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்ற சுவிட்சர்லாந்துக்காரர் செய்தார். அடிப்படை அமைப்பு இன்றுவரை மாறவில்லை. நம் சென்னை அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1960 வாக்கில் அதே அம்பத்தூரில் டி.ஐ. டயமண்ட் செயின் வந்தது. 'டயமண்ட்' என்ற பெயர் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து டயமண்ட் செயின் கம்பெனியுடையது. 1903இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் விசிறிகளைச் சுற்றிய சங்கிலிகள் அந்தக் கம்பெனியின் சரக்கு. ரைட் சகோதரர்கள் ஓஹியோ மாநிலத்து டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த வியாபாரிகள் என்பதை நம் இனத்துப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.

தூரம் ஒன்றாக இருந்தாலும் அகலம் மாறும். கியர் இல்லாத சைக்கிளில் செயினின் உள் அகலம் 1/8 அங்குலம். பின்னால் 5 முதல் 8 வரை பல்சக்கரம் உள்ள கியர் சைக்கிளில் 3/32 அங்குலம். அதற்கு மேல் 9, 10, 11, 12 என்று பல்சக்கரம் கூடக் கூட செயின் மெலிந்துகொண்டே போகும். வெளிப்புற அகலம் 8 கியருக்கு ஏறத்தாழ 7 மி.மீ., 10 கியருக்கு 6 மி.மீ., 12 கியருக்கு 5 மி.மீ.யை ஒட்டி இருக்கும். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு ஆபத்தான இடத்தில் இவை தேவைப்படும்.

செயினை வளையமாகச் சேர்க்கும் ஒரு கண்ணிக்குத்தான் நாம் 'லாக்' என்கிறோம். பழைய வகை 'கிளிப் லாக்'. புதிய வகைக்கு 'குயிக் லிங்க்' என்று பெயர். சிலர் 'மிஸ்ஸிங் லிங்க்' என்று கேட்டு வருவார்கள். அது தைவானின் கேஎம்சி கம்பெனி தன் சரக்குக்கு வைத்த பெயர். அமெரிக்காவின் ஸ்ராம் கம்பெனி தன்னுடையதை 'பவர்லிங்க்' என்று விற்கிறது. பெயர் எதுவானாலும் செய்யும் வேலை ஒன்று.

பழைய கிளிப் லாக்

இது நம் பட்டறைக்காரர்களுக்குக் கைவந்தது. இரண்டு பின் அடித்த ஒரு பட்டை, எதிர்ப்பக்கம் மாட்டும் தனிப் பட்டை, அதன் மேல் மீன் வடிவில் ஒரு ஸ்பிரிங் கிளிப், ஆக மூன்று உருப்படி. கிளிப்பின் வால்பக்கம் பிளந்திருக்கும், தலைப்பக்கம் மூடியிருக்கும்.

கழற்றும்போது கிளிப்பை மேலே நெம்பக் கூடாது. பிளந்த பக்கத்திலிருந்து மூடிய பக்கத்தை நோக்கித் தள்ள வேண்டும். கூர்மூக்குக் குறடின் ஒரு தாடையைப் பிளந்த வாலின் நுனியிலும், மற்றதை மூடிய பக்கத்துப் பின்னின் தலையிலும் ஊன்றி மெதுவாக அழுத்தினால் வால் பின்னை விட்டு நழுவும். குறடு இல்லாதவர் சிறிய திருப்புளியின் முனையை வாலுக்கு அருகில் வைத்து அதே திசையில் தள்ளலாம். எப்படிச் செய்தாலும் மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தெறித்தால் கண்ணில் படும். கண்ணில் படாவிட்டால் மணலில் விழும். மாமல்லபுரத்து மணலில் விழுந்த கிளிப்பைத் தேடுவதைவிடப் புதிது வாங்குவது லாபம்.

திரும்ப மாட்டும்போது ஒரே ஒரு விதிதான். மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மேல் ஓட்டத்தில் வைத்துப் பார்த்தால் மூடிய தலை முன்பக்கம் பெடலை நோக்கியும், பிளந்த வால் பின்சக்கரத்தை நோக்கியும் இருக்கும். திருப்பி மாட்டினால் செயின் கவரிலோ வேறெதிலோ வால் இடறி கிளிப் கழன்றுவிடும். பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளில் இப்படி மாட்டியதைக் கடை வாசலிலேயே பார்க்கலாம். பார்த்தால் சொல்லி மாற்றிக் கொடுங்கள், காசு வாங்க வேண்டாம்.

கிளிப் லாக் அகலமானது. 1/8 அங்குலச் செயினுக்கு மட்டும் உரியது. கியர் சைக்கிளில் அதைப் போட்டால் பின்பக்கப் பல்சக்கரங்களிலும் கியர் மாற்றியிலும் இடிக்கும்.

குயிக் லிங்க் எப்படிப் பூட்டுகிறது

இதில் கிளிப் கிடையாது. அச்சு அசலான இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியிலும் ஒரு முனையில் ஒரு பின் நிலையாகப் பதிந்திருக்கும், மறுமுனையில் சாவித்துவாரம் போன்ற ஓட்டை இருக்கும். ஓட்டையின் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். பின்னின் தலைக்குக் கீழே ஒரு காடி வெட்டியிருக்கும். ஒரு பாதியின் பின்னை மற்றப் பாதியின் அகலமான துவாரத்தில் விட்டுச் செயினை இழுத்தால், காடி குறுகலான பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். செயின் இழுபட இழுபட இது இறுகும். ஆகவே ஓடும்போது தானாகக் கழலாது.

கழற்ற வேண்டுமானால் இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். இரண்டு பின்களையும் ஒன்றையொன்று நோக்கி நெருக்க வேண்டும். நெருங்கினால் தலை அகலமான துவாரத்துக்கு வந்துவிடும், பாதிகள் பிரிந்துவிடும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் புதிய செயினில்கூட வெறும் விரலால் இது எளிதில் வராது. இரண்டு பட்டைகளையும் பக்கவாட்டில் உள்நோக்கி அழுத்திக்கொண்டே நெருக்கினால்தான் காடி விடும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். நெருக்குகிறார்கள், அழுத்துவதில்லை.

எந்தக் கருவியை எடுக்கும் முன்பும் மூன்று வேலை செய்யுங்கள். முதலில் லாக் எங்கே என்று கண்டுபிடியுங்கள். பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் ஒரு கண்ணி மட்டும் வேறு நிறத்திலோ, எழுத்துப் பொறித்தோ, நீள்துவாரத்தோடோ தெரியும். அடுத்து, செயினை முன்பக்கப் பல்சக்கரத்திலிருந்து கீழே இறக்கி விடுங்கள். விறைப்பாக இருக்கும் செயினில் லாக் கழலாது. பழைய போக்ஸ் கம்பி ஒன்றை வளைத்து இருபக்கமும் கொக்கி செய்து, லாக்குக்கு இப்புறமும் அப்புறமும் மாட்டிவிட்டால் நடுவில் உள்ள பகுதி தொய்வாக நிற்கும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கடைசியாக, லாக் மேல் உள்ள மண்ணையும் பிசுக்கையும் துணியால் துடையுங்கள். துவாரத்தில் மணல் புகுந்திருந்தால் பின் நகராது.

இதற்கென்றே உள்ள குறடு

குயிக் லிங்க் குறடு என்று தனியாக விற்கிறது. சாதாரணக் குறடிலிருந்து வேறுபடுவது அதன் மூக்கு. இரண்டு முனையும் உள்நோக்கி வளைந்து, செயினின் இடைவெளிகளுக்குள் நுழையும் அளவுக்கு மெல்லியதாக இருக்கும். லாக்கின் இருபக்கத்து உருளைகளுக்கும் வெளிப்புறமாக முனைகளை நுழைத்துப் பிடியை அமுக்கினால் உருளைகள் நெருங்கும், டக்கென்று ஒரு சத்தம், லாக் திறந்துவிடும். சில குறடுகள் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். முனைகளை உருளைகளுக்கு உள்புறம் வைத்து விரித்தால் லாக் பூட்டிக்கொள்ளும்.

வாங்கும்போது மூக்கின் பருமனைப் பாருங்கள். மலிவுச் சரக்கில் முனை தடித்திருக்கும். 8 கியர் செயினில் நுழையும், 11 கியரில் நுழையாது. இன்னொன்று, மூக்கு இரும்பு மிருதுவாக இருந்தால் நாலு லாக் கழற்றுவதற்குள் வளைந்துவிடும். வாரத்துக்கு ஒரு கியர் சைக்கிள்கூட வராத கடைக்கு இந்தக் குறடு தேவையில்லை. கடற்கரைச் சாலையோரம் கடை வைத்திருப்பவர்கள் ஒன்று வைத்துக்கொள்ளலாம். மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்கள் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும்.

குறடு இல்லையென்றால்

நம் கடையில் எப்போதும் உள்ள ஒரு பொருள் இதற்கு உதவும். கட்டுக் கயிறு. நெம்மேலிப் பக்கம் எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு தம்பி கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கியர் மாற்றி வளைந்து செயின் சிக்கிக்கொண்டது, செயினைக் கழற்றினால்தான் சிக்கலை எடுக்க முடியும், குறடு வீட்டில் இருக்கிறது. "அண்ணாச்சி, சுத்தி இருந்தா குடுங்களேன், அடிச்சே எடுத்துடுறேன்" என்றார். கடைக்காரர் சுத்தியலை எடுக்கவில்லை. "இருங்க தம்பி, அடிச்சா பின்னு வளைஞ்சிரும். அப்புறம் சென்னைக்கு எப்படிப் போவீங்க?" என்று சொல்லி, பொட்டலம் கட்டும் நைலான் கயிற்றில் ஒரு முழம் அறுத்தார்.

கயிற்றை லாக்கின் இடப்பக்க உருளைக்கு வெளியே உள்ள இடைவெளியில் விட்டு, வலப்பக்க உருளைக்கு வெளியே உள்ள இடைவெளி வழியாகத் திரும்பக் கொண்டுவந்தார். இப்போது இரண்டு உருளையையும் கயிறு ஒரு வளையமாகச் சுற்றியிருக்கிறது. இரண்டு நுனியையும் ஒரே ஒரு முடிச்சாகப் போட்டு, தம்பியை லாக்கின் இருபக்கத்தையும் விரலால் அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, இரு நுனிகளையும் வெடுக்கென்று இழுத்தார். முடிச்சு இறுக வளையம் சிறுத்தது, உருளைகள் நெருங்கின, மூன்றாவது இழுப்பில் லாக் விட்டது. சணல் கயிறாக இருந்தால் அறுந்திருக்கும். காலணிக் கயிறும், பழைய பிரேக் உள்கம்பியும் இதற்கு நல்லவை. கம்பியாக இருந்தால் கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், உள்ளங்கையை அறுத்துவிடும். அந்தத் தம்பி இப்போது வாராவாரம் நண்பர்களோடு அந்தக் கடையில்தான் நின்று வாழைப்பழம் வாங்குகிறார் என்று கேள்வி.

சாதாரணக் குறடாலும் கழற்றலாம், ஆனால் எந்த மூலையைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும். லாக்கின் முன்பட்டையைப் பாருங்கள். ஒரு முனையில் பின் நிலையாக அடிக்கப்பட்டிருக்கும், மறுமுனையில் நீள்துவாரம் தெரியும். பின்பட்டையில் இது தலைகீழாக இருக்கும். குறடின் ஒரு தாடை முன்பட்டையின் நிலைப்பின் உள்ள முனையிலும், மற்றத் தாடை பின்பட்டையின் நிலைப்பின் உள்ள முனையிலும் படவேண்டும். அதாவது குறுக்காக, மூலைக்கு மூலை. இப்படி அமுக்கினால் பட்டைகள் எதிரெதிராக நகர்ந்து பின்கள் நெருங்கும். மற்ற இரண்டு மூலைகளைப் பிடித்து அமுக்கினால் லாக் இன்னும் இறுகும். 'எவ்வளவு அமுக்கியும் வரவில்லை' என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் மூலை மாற்றிப் பிடித்தவர்கள்.

கையால் கழற்றுவது என்றும் ஒரு வழி உண்டு. 8 கியர் வரையிலான, நன்றாக எண்ணெய் விட்ட செயினில் கட்டை விரல்களால் இது முடியும். அதற்கு மேற்பட்ட மெல்லிய செயின்களில் முயற்சி செய்து நகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுத்தியல் ஏன் வேண்டாம்

பழைய கறுப்பு சைக்கிளில் ஆணியும் நட்டும் வைத்து அடித்துப் பின்னைத் தள்ளுவது நம் ஊர் வழக்கம். செயினுக்கு அடியில் ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்கு நேராகப் பின் வருமாறு நிறுத்தி, மேலே ஆணியை ஊன்றி அடிப்பார்கள். பின் முழுக்க வெளியே வராமல் ஓரத்துப் பட்டையில் தொங்கும்படி நிறுத்தத் தெரிந்தவர் கைகாரர். தடித்த 1/8 அங்குலச் செயினில் அதே பின்னைத் திரும்ப அடித்தால் தாங்கும்.

கியர் சைக்கிளின் மெல்லிய செயினில் இது ஆகாது. அதில் பின்னின் முனை பட்டையோடு விரித்து அடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு தரம் வெளியே தள்ளினால் அந்த விரிப்பு உடைந்துவிடும். திரும்ப உள்ளே அடித்தால் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும், பத்து கிலோமீட்டர் ஓடவும் செய்யும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது பட்டை விரிந்து செயின் அறும். மிதித்த கால் வெறுமையாக இறங்க, ஓட்டுகிறவர் முன்னால் விழுவார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பின்னால் வருவது பாண்டிச்சேரி பஸ்ஸாக இருக்கும். செயினை அவசியம் அறுக்கத்தான் வேண்டுமென்றால் செயின் கட்டர் என்ற திருகுக் கருவியால் பின்னைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் புதிய குயிக் லிங்க் போட வேண்டும். பழைய பின்னைத் திரும்ப அடிக்கவே கூடாது.

இதே ஆபத்து தவறான லாக் போடுவதாலும் வரும். மேலே சொன்ன அகலக் கணக்கு இங்கேதான். 9 கியர் லாக்கை 8 கியர் செயினில் போட்டால் பூட்டாது, அது தெரிந்துவிடும், கெடுதல் இல்லை. 8 கியர் லாக்கை 9 கியர் செயினில் போட்டால் பூட்டிக்கொள்ளும், ஆனால் பக்கவாட்டில் ஆடும். ஆடுகிற லாக் பாரத்தில் ஒருநாள் திறந்துகொள்ளும். ஆகவே லாக் கேட்டு வருகிறவரிடம் "எத்தனை கியர்?" என்று கேளுங்கள். தெரியாதென்றால் பின்சக்கரத்துப் பல்சக்கரங்களை எண்ணுங்கள், முன்பக்கத்தை அதோடு பெருக்க வேண்டாம். 21 கியர் சைக்கிள் என்று சொல்வார்கள், பின்னால் எண்ணினால் ஏழுதான் இருக்கும். லாக் ஏழுக்கு உரியது. இருப்பில் சரியானது இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். 'இதைப் போடுங்க, ஓடும்' என்று விற்கும் கடைக்காரரை நான் அறிவேன். அவருக்கு நான் சரக்கு கொடுப்பதில்லை.

திரும்பப் பயன்படுத்தலாமா என்றும் கேட்பார்கள். 8, 9 கியர் லாக்குகள் பலவற்றைக் கழற்றிக் கழற்றி மாட்டலாம். 10 கியருக்கு மேற்பட்டவற்றில் பலவும் ஒருமுறை மட்டும் என்று தயாரிப்பாளரே அட்டையில் போட்டிருக்கிறார். ஜப்பானின் ஷிமானோ 11, 12 கியர் லாக்குகளும், ஸ்ராமின் 'பவர்லாக்' வகையும் அப்படிப்பட்டவை. அட்டையைப் படித்துச் சொல்லி விற்பது நம் கடமை, ஒரு லாக் கூடுதலாகவும் விற்கும்.

பூட்டும் முறையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பின்களைத் துவாரத்தில் விட்டு, லாக் மேல் ஓட்டத்தில் நடுவில் வருமாறு செயினை நகர்த்தி, பின் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பெடலை ஒரு மிதி மிதித்தால் டக்கென்று உட்காரும். சத்தம் கேட்டபின் இரண்டு பக்கத்தையும் கண்ணால் பாருங்கள்.

உப்புக் காற்று செய்யும் வேலை

செங்கல்பட்டில் கோலவாய் ஏரிப் பக்கம் ஓடும் சைக்கிளின் செயின் வேறு, தேவனேரியிலோ சதுரங்கப்பட்டினத்திலோ ஓடும் சைக்கிளின் செயின் வேறு. கோவளம், கேளம்பாக்கம் பக்கம் உப்பளங்கள் வேறு இருக்கின்றன. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். கடலோரத்தில் மழைக்காலம் முழுக்க வெளியே நிறுத்திய சைக்கிளில் லாக்கின் காடிக்குள் துரு ஏறி, கல்லாகச் சமைந்துவிடும். எந்தக் குறடும் அதை அசைக்காது.

அப்படிப்பட்ட லாக்கை முரட்டுத்தனமாக நெருக்காதீர்கள். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குங்கள். உலர்ந்தபின் துருவிளக்கி எண்ணெயை இரண்டு பின்களின் தலையிலும் விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். பிறகு லாக்கைப் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக ஆட்டி, குறடின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். துரு நொறுங்கும். அப்புறம் நெருக்குங்கள். இரண்டாம் முறையும் வராவிட்டால் பக்கத்துக் கண்ணியைக் கட்டரால் பிரித்துவிடுங்கள். அந்த நிலைக்கு வந்த செயின் எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

எண்ணெய் விஷயத்தில் நம் கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. டின்னின் அடியில் மிஞ்சிய தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ கடைப் பையனின் சைக்கிள் செயினுக்கு விடுவார்கள். சமையல் எண்ணெய் சில நாளில் பிசினாகும். பிசினில் மணல் ஒட்டும். மணலும் பிசினும் சேர்ந்தால் செயினுக்குச் சாணைக்கல் வைத்த மாதிரிதான். தையல் இயந்திர எண்ணெய் நல்லது, ஆனால் மெல்லியது. கடலோரத்தில் அடிக்கடி விட வேண்டும். மோட்டார் எஞ்சின் எண்ணெய், புதியதாக, உருளைக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி, மேலே வழிந்ததைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே பளபளக்கக் கூடாது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கும் சைக்கிளுக்கு மாதம் இரண்டு முறை இதைச் செய்தால் போதும். பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவருகிறோம் என்று கம்பெனிகள் கிளம்பியிருக்கும் நாளில், நம் பையனின் செயின் பாதி வழியில் கழன்று நின்றால் வாடிக்கையாளர் காத்திருக்கமாட்டார்.

லாக் சரியாக இருந்தும் செயின் அடிக்கடி கழல்கிறதா? ஸ்கேலை எடுங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, மாற்றலாம். 1/8 அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் பழைய பல்லில் குதிக்கும். அரை அடி ஸ்கேல் போதாது, ஓரடி ஸ்கேல் நம் கடையிலேயே விற்கிறது.

எதை இருப்பு வைக்கலாம்

உள்ளூர்க் கடைக்கு 1/8 அங்குல கிளிப் லாக் ஒரு டஜன் போதும். சில ரூபாய் சரக்கு, தூக்கிப் போட்டாலும் நஷ்டமில்லை. கடற்கரைச் சாலையோரக் கடைகள் 6-7-8 கியர் லாக் நான்கைந்து ஜோடியும், 9, 10, 11 கியருக்கு இரண்டிரண்டு ஜோடியும் வைக்கலாம். இதில் முதல் போடுவது கொஞ்சம் கூடும், விற்பது மெதுவாக, பெரும்பாலும் வார இறுதியில். 12 கியர் லாக்கைக் கேட்டபின் வாங்கிக் கொடுப்பதே மேல். ஓட்டுகிற தம்பிகள் விவரமானவர்கள், அட்டையில் கம்பெனி பெயர் இல்லாததை வாங்கமாட்டார்கள். போலிச் சரக்கு என்றால் கடைப்பெயரையே கெடுத்துவிடுவார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு செயினும் லாக்கும் தனியாக விற்கும்போது அதே வீதம்தான் என்று நீங்களாகவே பில் போட வேண்டாம். இரும்புச் சங்கிலிக்கு வரிப் பட்டியலில் தனித் தலைப்பு இருக்கிறது. வாங்கிய பில்லில் உள்ள எச்.எஸ்.என். எண்ணைப் பார்த்து, உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலோரக் கடைகளில் லாக்குகளைத் திறந்த தட்டில் கொட்டி வைக்காதீர்கள். விற்கும் முன்பே துரு ஏறிவிடும். எண்ணெய்த் தாளில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், கியர் எண்ணை மேலே எழுதி ஒட்டி வையுங்கள். இரண்டு பாதியையும் ஒரு நூலால் கட்டியே வையுங்கள். ஜோடி பிரிந்து, ஒன்றின் பாதியும் மற்றொன்றின் பாதியும் கலந்துவிட்டால் இரண்டும் குப்பைக்குத்தான்.